கொரோனா போய் மூன்று வருடம், தலைவலி போகவில்லை. ஸ்கேனில் 4 வெள்ளைப் புள்ளி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வறுவல்காரன், கும்பகோணம்

வணக்கம். கும்பகோணத்தில் காபிக் கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. எனக்கு வயது 47. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போடுகிறேன், மற்றபடி உடம்பில் குறை எதுவும் இல்லை. வீட்டில் தலைவலித் தைலம் வாங்கினால் அது என் மனைவிக்காகத்தான் இருக்கும். எனக்குத் தலைவலி வந்த நினைவே இல்லை.

2021 மே மாதம், முழு ஊரடங்கு போட்ட அதே வாரம், காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் கொரோனா என்றார்கள். மூச்சுத்திணறல் இல்லாததால் மாடி அறையிலேயே கிடந்தேன். நான்கு நாளில் காய்ச்சல் விட்டது, அதோடு வாசனையும் விட்டுப்போயிற்று. ஆறாம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு நெற்றிப்பொட்டிலும் ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. அன்று உட்கார்ந்ததுதான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

சுத்தியலால் அடிப்பது போன்ற வலி இல்லை இது. ஈரத்துண்டை முறுக்கித் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முடிச்சைப் பிடரியில் போட்டதுபோல் இருக்கும். காலையில் முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருக்கும். பதினொரு மணிக்கு டிரம் சூடேறி கொட்டை வெடிக்கத் தொடங்கும்போது இறுகும். ராத்திரி கல்லா கணக்குப் பார்க்கும்போது ஒரே பத்தியை மூன்று முறை கூட்டி மூன்று விடை எடுத்திருக்கிறேன்.

வாசனை பாதிதான் திரும்பியிருக்கிறது. எங்கள் தொழிலில் பதம் சொல்வது மூக்கு. இப்போது நிறத்தையும் வெடிச் சத்தத்தையும் நம்பிக் காலம் தள்ளுகிறேன். போன ஆவணியில் ஒரு ஈடு பீபெரி (உருண்டையான ஒற்றைக் கொட்டை ரகம்) முழுவதும் கருகிவிட்டது. நான் டிரம்முக்கு முன்னால்தான் நின்றிருந்தேன். கடைப் பையன் ஓடிவந்து அடுப்பை அணைத்தான். அவன் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை.

இதுவரை மூன்று மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. முதலாமவர் சைனஸ் என்று ஆறு வாரம் மருந்து கொடுத்தார். இரண்டாமவர் கண்ணாடியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். மூன்றாமவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றவர், “மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள், யோகா செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். படி இறங்கி வரும்போது எனக்கே சந்தேகம் வந்தது, மூன்று வருடமாக நான் நடிக்கிறேனோ என்று.

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டைப் படித்தால், முன்மடல் வெண்பொருளில், அதாவது மூளையின் முன்பகுதியில் நரம்பிழைகள் ஓடும் இடத்தில், 4 சிறு புள்ளிகள் ஒளிர்வதாகவும், நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் என்றும் எழுதியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது யார்? நானா? இதற்கு நடுவில் மைத்துனன் ஒரு செய்தி அனுப்பினான்: கொரோனா வந்தவர்களுக்கு மூளை சுருங்குகிறதாம், அதுவும் வாசனையோடு சம்பந்தப்பட்ட இடத்தில். அன்று ராத்திரி தூங்கவில்லை.

ஒரு பக்கம் ஒன்றும் இல்லை என்கிறார்கள், இன்னொரு பக்கம் மூளையே சுருங்குகிறது என்கிறார்கள். எதை நம்புவது? அந்த 4 புள்ளி என்ன? இன்னொரு ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

வேப்பங்கொட்டை

சுக்கை இழைத்துப் பற்றுப் போடுங்கள், மூன்று நாளில் தெரியும். ஸ்கேன் எடுத்தது பழைய இயந்திரமாக இருக்கும். காந்த சக்தி கூடுதலான 3 டெஸ்லா இயந்திரத்தில், ஊசி மருந்து போட்டு மறுபடியும் எடுங்கள். சுருக்கம் இருந்தால் அதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

பழைய டெக்னீசியன், மதுரை

வேப்பங்கொட்டை ஐயா, சுக்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இரண்டாவது யோசனைக்கு மட்டும் குறுக்கே விழுகிறேன், ஏனென்றால் அதற்குப் பணம் செலவாகும்.

கும்பகோணத்துக்காரரே, நான் மருத்துவன் இல்லை. ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபராக 24 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். “சார், என்ன தெரிகிறது?” என்று கேட்டபடி இயந்திரத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ. பதில் சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது. இப்போது வேலையில் இல்லாததால் கொஞ்சம் பேசுகிறேன்.

முதலில் அந்தச் செய்தி. அது கட்டுக்கதை இல்லை. 2022 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு. அங்கே கொரோனா வருவதற்கு முன்பே, வேறு ஆராய்ச்சிக்காகப் பல்லாயிரம் பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார்கள். அவர்களில் 785 பேரை மறுபடியும் வரவழைத்து எடுத்தார்கள், எல்லாரும் 51 முதல் 81 வயதுக்குள். 401 பேருக்கு இரண்டு ஸ்கேனுக்கும் நடுவில் கொரோனா வந்திருந்தது, 384 பேருக்கு வரவில்லை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உங்களைப்போல வீட்டில் படுத்திருந்தே தேறியவர்கள். முன்பும் பின்பும் படம் இருப்பதுதான் இந்த ஆய்வின் பலம். எங்கள் தொழிலில் அது கிடைக்காத வரம்.

வயதானால் எல்லாருக்கும் மூளை கொஞ்சம் குறையும். கொரோனா வந்தவர்களுக்கு, கண்குழிக்கு மேலே இருக்கும் புறணியிலும் (புறணி என்பது மூளையின் வெளியடுக்கு), வாசனை நரம்புகள் போய்ச் சேரும் பகுதிகளிலும் அந்தக் குறைவு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தது. எவ்வளவு கூடுதல் என்றால் 0.2 முதல் 2 சதவீதம். செய்தியில் சுருக்கம் என்று போட்டவர்கள் இந்த எண்ணைப் போட்டார்களா என்று மைத்துனரைக் கேளுங்கள்.

மூளைப் புறணியின் தடிமன் சராசரியாக 2.5 மில்லிமீட்டர். அதில் 2 சதவீதம் 0.05 மில்லிமீட்டர், ஒரு மெல்லிய தலைமயிரின் பருமன். உங்களுக்கு எடுத்தது போன்ற வழக்கமான ஸ்கேனில் ஒரு வெட்டின் கனமே சுமார் 5 மில்லிமீட்டர். ஆய்வுக்காக எடுக்கும்போதுகூட 1 மில்லிமீட்டர் கட்டங்களாகத்தான் எடுப்பார்கள். மயிரிழை எப்படித் தெரிந்தது என்றால், நூற்றுக்கணக்கான பேரின் படங்களை மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுத்ததால் தெரிந்தது. ஒரு மூட்டைக் கொட்டையின் சராசரி எடை குறைந்திருக்கிறது என்று நீங்கள் தராசில் கண்டுபிடிக்கலாம். அதை வைத்து உள்ளங்கையில் இருக்கும் ஒரே ஒரு கொட்டையைப் பார்த்து இது இளைத்துவிட்டது என்று சொல்வீர்களா? 3 டெஸ்லாவில் எடுத்தாலும் ஊசி போட்டாலும் உங்கள் ஒருவரிடம் இது தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். மூளையின் கன அளவை அளக்கும் மென்பொருள் ஒன்று எங்கள் மையத்துக்கு வந்தபோது, சோதனைக்காக என்னையே உள்ளே படுக்கவைத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு முறை, மத்தியானம் சாப்பிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்த பிறகு ஒரு முறை. இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லை. கூட வேலை பார்த்த இளைய டெக்னீசியன் சிரித்துக்கொண்டே, “அண்ணே, உங்களுக்கு மத்தியானம்தான் மூளை வளர்கிறது” என்றார். சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். 16 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களின் மூளை அளவு 0.55 சதவீதம் குறைந்ததாக 2005இல் ஒரு ஜெர்மன் குழு அளந்து எழுதியிருக்கிறது. ஏகாதசி விரதம் இருந்துவிட்டு ஸ்கேனுக்கு வந்தால் கொரோனா வந்த கணக்கில் சேர்ந்துவிடலாம்.

அடுத்து, உங்கள் தலைவலிக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு. ஸ்பெயினில் வயதோலித் நகரத்துக் குழு செய்தது, வெளியான ஆண்டு 2023. முன்பு தலைவலியே இல்லாமல், கொரோனாவுக்குப் பிறகு தலைவலி விடாமல் தங்கிவிட்ட 40 பேர். நலமாக இருக்கும் 41 பேர். விட்டுவிட்டு ஒற்றைத் தலைவலி வரும் 43 பேர். அதே தலைவலி நாள்பட்டதாக ஆகிவிட்ட 43 பேர். நால்வகையினரையும் ஒப்பிட்டார்கள். முதல் 40 பேருக்கு முன்மடலின் கீழ்ப்பகுதி போன்ற சில இடங்களில் புறணி, நலமானவர்களைவிடச் சற்று மெலிந்திருந்தது. இரண்டு அரைமூளைகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்திலும் மாற்றம் இருந்தது. வைக்கோல் பிரி ஒழுங்காக இருந்தால் அதில் ஊற்றிய தண்ணீர் தாளோடு நீளவாக்கில் ஓடும், பிரி கலைந்திருந்தால் பக்கத்திலும் கசியும். நரம்பிழைகளுக்குள் நீர் எப்படி நகர்கிறது என்று பார்க்கும் ஸ்கேன் முறை ஒன்று உண்டு, அதில்தான் இது தெரிந்தது. மொத்தத்தில் இவர்கள் நலத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார்கள் என்று அந்தக் குழு எழுதியது.

ஆனால் பிரிட்டன்காரர்களுக்குக் கிடைத்த முந்தைய படம் இவர்களுக்கு இல்லை. அதனால் மாற்றம் வந்து தலைவலி வந்ததா, தலைவலி நீடித்ததால் மாற்றம் வந்ததா என்று இதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. நீடித்த வலியே மூளையின் சாம்பல் பகுதியைக் குறைக்கும் என்பதற்கு வேறு இடத்தில் சான்று இருக்கிறது. இடுப்பு மூட்டுத் தேய்ந்து வருடக்கணக்கில் வலியோடு இருந்தவர்களை 2009இல் ஜெர்மனியில் பார்த்தார்கள். அறுவை செய்து வலி நின்ற 10 பேரை மறுபடியும் ஸ்கேன் எடுத்தபோது, குறைந்திருந்த இடங்களில் மறுபடியும் கூடியிருந்தது. உங்கள் மைத்துனருக்கு இதையும் அனுப்புங்கள்.

இனி அந்த 4 புள்ளி. 47 வயது, ரத்த அழுத்தம். இந்த இரண்டும் இருக்கிறவர் படத்தில் நான்கைந்து வெள்ளைப் புள்ளி வருவதை நான் வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் வரும், தலைவலியே இல்லாதவர்களுக்கும் வரும். 2021 மேக்கு முன்பே அவை அங்கே இருந்தனவா என்று கேட்டால், அப்போது எடுத்த படம் உங்களிடம் இல்லை. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொள்வதைத் தவிர அந்தப் புள்ளிகளுக்காகச் செய்ய வேண்டியது பெரும்பாலும் எதுவும் இருக்காது.

ஸ்கேன் எடுத்தது வீண் என்று நினைக்க வேண்டாம். கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்று அது சொல்லிவிட்டது. ரிப்போர்ட்டில் சிரைகளைத் தனியாகப் படம் எடுத்ததாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கொரோனாவில் ரத்தம் உறையும் தன்மை கூடியதால், மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளில் அடைப்பு வந்தவர்கள் உண்டு. மூன்று வருடம் கழித்து அந்தச் சந்தேகம் குறைவுதான். ஆனால் படுத்தால் வலி கூடுகிறது, பார்வை நொடிப்பொழுது இருண்டு திரும்புகிறது, பொருள் இரண்டாகத் தெரிகிறது, காதுக்குள் நாடி இரைகிறது என்றால் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று கண் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்.

ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு எழுதியவர் மாத்திரையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே? மாதத்தில் எத்தனை நாள் தலைவலி மாத்திரை போடுகிறீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் காபி?

பிழைதிருத்தி, சிவகாசி

அண்ணா, பல் துலக்கும்போது வந்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டேன். எனக்கு 2017 அக்டோபர் 9, திங்கட்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. நாள்காட்டி அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன், தேதியும் கிழமையும் தப்பாது. டெங்கு வந்து தேறி வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள். அடுத்த வருடத்து மார்ச் பக்கத்தில் ராகு காலம் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு கண்ணுக்கும் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்தியதுபோல் தொடங்கியது.

தொடங்கிய நாள் துல்லியமாக நினைவிருப்பதே இதற்கு ஓர் அடையாளம் என்று பின்னால் எனக்கு வாய்த்த நரம்பியல் மருத்துவர் சொன்னார். தொடங்கி 24 மணி நேரத்துக்குள் விடாத வலியாகி, மூன்று மாதத்துக்கு மேல் தினமும் நீடித்தால் ‘புதிய தினசரி நீடித்த தலைவலி’ என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறதாம். 1986இல் வானஸ்ட் என்ற மருத்துவர் முதலில் விவரித்தாராம். பலருக்கு அது ஏதாவது ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. 1889இல் கிளம்பி உலகத்தைச் சுற்றிய ரஷ்யக் காய்ச்சலுக்குப் பிறகும் சிலருக்கு இப்படித் தலைவலி தங்கிவிட்டதை அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஏனோ அழுகை வந்தது. அதுவரை என் மாமியார் உட்பட எல்லாரும் வேலைக்குப் போகப் பிடிக்காத சாக்கு என்றே நினைத்திருந்தார்கள்.

எனக்கும் ஸ்கேன் சுத்தமாக இருந்தது. “சுத்தமாக இருந்தால்தான் இந்தப் பெயரை வைக்கவே முடியும், வேறு காரணம் இல்லை என்று ஆன பிறகுதான் இது” என்றார் அவர். உங்கள் மருத்துவர் ஒன்றும் இல்லை என்றாரே, என் மருத்துவர் அதே மாதிரி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இதைச் சொன்னார்.

ராத்திரியில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்துச் சிறுகச் சிறுக ஏற்றினார். மருந்துக் கடையில், “இது மனச்சோர்வுக்குக் கொடுப்பதாயிற்றே” என்று சத்தமாகக் கேட்டார்கள், பின்னால் எங்கள் தெருக்காரர் நின்றிருந்தார். இதே மருந்தைக் குறைந்த அளவில் தலைவலியைத் தடுக்கவும் கொடுப்பார்கள் என்று நானே விளக்க வேண்டியதாயிற்று. வாய் வறண்டது, காலையில் மந்தமாக இருந்தது. எட்டு மாதத்தில் வலி பாதியானது. முழுவதும் போகவில்லை. இப்போது மாதத்தில் ஐந்தாறு நாள் வரும். எல்லாருக்கும் இந்த மருந்து கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், என்னோடு காத்திருப்பு அறையில் பழகிய ஒருவருக்கு மூன்று மருந்து மாற்றியும் பிடிபடவில்லை.

பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் தினமும் வலி எவ்வளவு, என்ன மாத்திரை, எத்தனை மணி நேரத் தூக்கம் என்று குறித்துக்கொண்டு போனேன். மருத்துவர் ஸ்கேன் உறையைப் பிரித்துப் பார்த்தது ஒரு நிமிடம். அந்தத் தாள்களை உட்கார்ந்து படித்தது கால் மணி நேரம்.

வறுவல்காரன், கும்பகோணம் (9 நாள் கழித்து)

உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். டெக்னீசியன் ஐயா கேட்டதற்கு மனத்தில் பட்டதைச் சொல்லாமல் எண்ணிப் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன்.

கல்லாவுக்குக் கீழே ஒரு பழைய சிக்கரி டின் இருக்கிறது. காலி மாத்திரை அட்டையை அதில்தான் போடுவேன். எதற்கு என்று கேட்டால், பையன் பார்த்துவிடக் கூடாது என்பதற்கு. கவிழ்த்துக் கொட்டினேன். மருந்துக் கடை ரசீதுகளோடு ஒத்துப் பார்த்தால், போன மாதத்தில் 21 நாள் போட்டிருக்கிறேன். அதற்கு முந்தைய மாதம் 19. அட்டையின் பின்பக்கத்தை என் புதுக் கண்ணாடியால் முதல்முறையாகப் படித்தேன். பாராசிட்டமால், இன்னொரு வலிமருந்து, அதன் கீழே காஃபீன் 50 மில்லிகிராம். காபி விற்கிறவன் மூன்று வருடமாகக் காசு கொடுத்துக் காஃபீன் வாங்கித் தின்றிருக்கிறேன்.

காபிக் கணக்கு: வீட்டில் இரண்டு டம்ளர். கடையில் ஒவ்வொரு கலவைக்கும் ருசி பார்ப்பது தனி. அதை இதுவரை நான் காபியாகவே எண்ணியதில்லை. எண்ணினால் ஏழெட்டுச் சின்ன டம்ளர் வரும்.

சிரைகளையும் தனியாக எடுத்திருக்கிறார்கள், அடைப்பு இல்லை என்று எழுதியிருக்கிறது. படுத்தால் கூடுவது, பார்வை இருள்வது எதுவும் இல்லை. சிவகாசித் தங்கை சொன்னபடி பழைய நாள்காட்டித் தாளைத் தைத்து நோட்டு போட்டுவிட்டேன். வியாழக்கிழமை தஞ்சாவூரில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். நோட்டையும் டின்னையும் எடுத்துப் போகிறேன். அதற்குள் எல்லாவற்றையும் நிறுத்திவிடட்டுமா? காபியை நிறுத்தினால் கடையை எப்படி நடத்துவது?

பழைய டெக்னீசியன், மதுரை

டின்னை அவசியம் எடுத்துப் போங்கள். இந்த மாதிரிக் கலவை மாத்திரையை மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது மருத்துவர்கள் கணக்கு. வைரஸ் தொடங்கிவைத்ததை மாத்திரை தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்கலாம். அது எவ்வளவு, இது எவ்வளவு என்று தஞ்சாவூர் மருத்துவர் பிரித்துப் பார்க்கட்டும்.

வியாழன்வரை எதையும் சட்டென்று நிறுத்த வேண்டாம். காஃபீனை ஒரேயடியாக விட்டால் ஒரே நாளில் அதற்கென்று தனித் தலைவலி வரும், ஒரு வாரம்கூட இருக்கும். மாத்திரையை எப்படி விடுவது, தடுப்பு மருந்து எது என்பதெல்லாம் அவர் வேலை.

ருசி பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு ருசி பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கரண்டியால் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்தில் இருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவார்கள். ஒரு சொட்டு விழுங்க மாட்டார்கள். கடையில் ஒரு எவர்சில்வர் போணி இருக்குமே?